காவலன் தவறினால்...



பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் நம் புதுவைக் குடும்பங்களுக்குச் சென்னை விமான நிலையம் பழகிய இடம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, அங்கும் நாட்டின் பிற விமான நிலையங்களிலும் கணினிச் சேவைகள் முடங்கின. பணியாளர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ நிறுவனம் மட்டும் ஏறக்குறைய 200 விமானங்களை ரத்து செய்தது. அமெரிக்காவில் சில மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைத்தன.

இது யாரோ தொடுத்த இணையத் தாக்குதல் என்று பலர் அஞ்சினர். ஆனால் பழுது வந்தது காவலனிடமிருந்தே! அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருள், கணினிகளைத் தீய நிரல்களிடமிருந்து காப்பது. வீட்டுக் காவலனிடம் எல்லா அறைகளின் சாவியும் இருப்பதுபோல, விண்டோஸின் ஆழம்வரை நுழைய அதற்கு அனுமதி உண்டு. அந்த ஆழத்தில் பிழை நேர்ந்தால் கணினியே நின்றுவிடும்.

அன்று நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு அந்நிறுவனம் ஒரு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அது 21 விவரங்களை எதிர்பார்த்தது. மென்பொருளோ 20 மட்டுமே தந்தது. இல்லாத 21ஆவது விவரத்தைத் தேடப் போய்க் கணினிகள் நிலைகுலைந்து, நீலத் திரையோடு நின்றன. கோப்பைச் சரிபார்க்கும் நிரலிலும் குறை இருந்ததால், பிழை முன்னதாகப் பிடிபடவில்லை.

78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. எனினும் ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. உலகின் விண்டோஸ் கணினிகளில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. ஆனால் அவற்றில் பல, மக்கள் அன்றாடம் நம்பியிருக்கும் இடங்களில் இருந்தவை. முடங்கியவற்றில் பலவற்றை ஆட்கள் நேரில் சென்று, ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அப்படியானால் புதுப்பிப்பே வேண்டாமா? அது தவறு. புதுப்பிக்காத கணினி தாழிடாத வீடு. ஆனால் அனுப்புகிறவர்கள் முதலில் சில கணினிகளில் சோதித்து, பின்னரே படிப்படியாக எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். பெறுகிறவர்களும் கணினி நின்றாலும் பணி நிற்காதபடி ஒரு மாற்று வழி வைத்திருக்க வேண்டும்.

கணினி வந்த பிறகும் திருமுழுக்குப் பதிவேட்டை ஏன் கையால் எழுதுகிறீர்கள் என்று நம் இளைஞர்கள் கேட்பதுண்டு. அன்று விமான நிலையத்தில் பயணிகளை அனுப்பிவைத்ததும் ஒரு பேனாதான், தம்பி!