எண்கள் வரையும் பியானோ

கருநாடக இசையரங்கிலே பாடகரின் சுருதியை 'ஒன்றரைக் கட்டை', 'ஐந்தரைக் கட்டை' எனக் குறிப்பது வழக்கம். மூன்றரைக் கட்டை என்பதோ வழக்கில் இல்லை. இதன் காரணம் யாது?

இக்கணக்கு ஆர்மோனியத்தின் கட்டைகளையொட்டி எழுந்தது. வெள்ளைக் கட்டைகள் முழு எண்களையும், அவற்றினிடையே நிற்கும் கறுப்புக் கட்டைகள் அரை எண்களையும் பெறுகின்றன. மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை. ஏழாவதை அடுத்தும் இல்லை. பியானோவின் அமைப்பும் இதுவே.

பியானோவின் கட்டைவரிசையைக் கணினியிலே எண்களைக்கொண்டு வரைய முற்படுவோரை முதலில் இடறச் செய்பவை, இல்லாத இவ்விரு கட்டைகளேயாம்.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. வெள்ளை 52; கறுப்பு 36. இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்க 1983ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிடி' முறையில் இவை 21 முதல் 108 வரை எண் பெறும். இவ்வெண்களையே இடமாகக் கொண்டு 88 கட்டங்களைச் சம அகலத்தில் அடுக்கினால், தோன்றுவது கோடிட்ட துணி போன்றதொரு படமேயன்றிப் பியானோவன்று.

சரியான வழி வகுத்தலிலே தொடங்குகின்றது. எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து, மீதி 1, 3, 6, 8, 10 ஆயின் கட்டை கறுப்பு, ஏனையவை வெள்ளை. நடுவிலுள்ள 60ஆம் எண்ணுக்கு மீதி பூச்சியம். ஆகவே அது வெள்ளை. அதுவே 'ஒரு கட்டை'.

அடுத்தது இடம். வெள்ளைக் கட்டையின் இடத்தை அதற்கு முன்னுள்ள வெள்ளைக் கட்டைகளின் தொகையே தீர்மானிக்கும். கறுப்பு அக்கணக்கிற் சேராது. கறுப்புக் கட்டையோ இரு வெள்ளைக் கட்டைகள் சந்திக்கும் கோட்டின்மீது, அகலத்திலும் நீளத்திலும் குறுகியதாய் அமையும். வெள்ளை யாவற்றையும் வரைந்த பின்னரே கறுப்பை வரையும்படி செய்நிரல் எழுதப்படல் வேண்டும். முறை மாறின், வெள்ளை கறுப்பை மறைத்துவிடும்.

இவ்வாறு வரைந்தால் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் குழுமி நிற்கும். இக்குழுக்களே வாசிப்பவரின் விரலுக்கு வழிகாட்டிகள். பார்வையற்ற கலைஞரும் இவற்றைத் தடவியே தம் சுரத்தை அறிந்துகொள்கின்றார். கறுப்புக் கட்டைகளைச் சம இடைவெளியில் நிறுத்திய படம் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றலாம். அதைப் பார்த்துப் பழகும் மாணவனோ எந்தக் கட்டை எதுவென அறியாது தடுமாறுவான். வெற்றிடத்தையும் உள்ளவாறே காட்டும் படமே அவனுக்குப் பயன்படும்.