மரத்தில் ஓர் இராஜபாளையம் நாய்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தீக்குச்சியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், மரச் சிற்பத்தின் முதல் பாடம் அந்தக் குச்சியிலேயே அடங்கியிருக்கிறது என்பதை அங்கேயும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கேரளத்திலிருந்து லாரிகளில் வந்திறங்கும் மிருதுவான தடிகளைத் துண்டு போட்டு, எந்திரத்தில் சுழலவிட்டு, சுருட்டிய பாயைப் பிரிப்பதுபோல் மெல்லிய தகடாக உரித்து, அந்தத் தகட்டை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நறுக்கிக் குச்சியாக்குகிறார்கள். அதனால்தான் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தக் குச்சி, பெட்டியின் மருந்துப் பக்கத்தில் அழுத்தி உரசும்போது வளைந்துகொடுக்கிறதேயன்றி எளிதில் முறிவதில்லை. அதே தகட்டை ரேகைக்குக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள்; விரலிடுக்கில் பிடித்த மாத்திரத்தில் பொடிந்துபோகும். ரேகையோடு இழுத்தால் தாங்கும் பளுவில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் குறுக்கே இழுத்தால் தாங்காதது மரத்தின் சுபாவம்.

பிராணிகளை உள்ளது உள்ளபடி மரத்தில் செதுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்புகிறவர் உளியின் விலையை விசாரிப்பதற்கு முன் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் நாய்க்கு நான்கு கால்கள் கீழ்நோக்கியும், முகம் முன்னோக்கியும், வால் பின்னோக்கியும் செல்கின்றன; மரத்துக்கோ ரேகை ஒரே திசையில்தான் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்து வைப்பதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி.

நம் நாட்டில் மரப் பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஓடும் பெரிய தேரைப் போன்ற தேர்களிலும், உற்சவ வாகனங்களிலும் யானையும் குதிரையும் அன்னமும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் ஸ்தபதிகள் வாகை மரத்தில் இன்றும் உயிர்ப்புள்ள வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய குதிரை லட்சணக் குதிரை. சாஸ்திரம் வகுத்த தாளப் பிரமாணத்தில் நிற்பது. இறைவனைச் சுமப்பதற்காகப் பிறந்தது. சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கையைப் பொருத்தி யாளி என்று ஒன்றைப் படைத்துத் தேரில் ஏற்றிவிட்ட கற்பனைக்கு முன், தெருநாயை அளவெடுத்துச் செதுக்குகிறவனுடைய சாமர்த்தியம் சொற்பமானதுதான். எனினும் அவன் போகும் வழி வேறு. அவனுக்குப் பிரமாண நூல் அந்தப் பிராணியே.

உபதொழிலாக இந்த வேலை ஓர் ஊரில் வேரூன்றிய கதை ஒன்றை இங்கே சொல்லலாம். சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்வதற்காக 1922இல் கல்கத்தாவுக்குப் போனார்களல்லவா? அதே காலத்தில் ஐரோப்பாவில் பிரயாணம் செய்துகொண்டிருந்த ஜப்பானியப் பிரபு தொகுகாவா யோஷிச்சிகா, சுவிட்சர்லாந்தில் குடியானவர்கள் செதுக்கிய மரக் கரடிகளைக் கண்டு சிலவற்றை வாங்கிச் சென்றார். ஹொக்கைடோத் தீவில் யாகுமோ என்ற ஊரில் அவருடைய குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது. பனிக்காலத்தில் வேலையின்றி இருந்த அங்கத்திய உழவர்களிடம் அந்தக் கரடிகளைக் காட்டிச் செதுக்கச் சொன்னார். 1924இல் அவ்வூரில் நடந்த கண்காட்சியில் முதல் கரடி வைக்கப்பட்டது. வானம் பொய்த்த கரிசல் பூமி தீப்பெட்டியை நாடியதும், உறைபனியில் கிடந்த யாகுமோ கரடியை நாடியதும் ஒரே தேவையினால்தான்.

நம் பக்கத்துக்காரருக்குக் கரடி வேண்டாம். இராஜபாளையம் நாய் இருக்கிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையில் அச்சிட்டுக் கௌரவித்த இந்த வேட்டை நாய், செதுக்குகிறவனுக்கென்றே அமைந்த உருவம் உடையது. பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, தொங்கும் காது, ஆழ்ந்த மார்பு, உள்ளே ஒட்டிய வயிறு என்று அதன் புறக்கோடு தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும். ரோமம் குட்டையாகையால் ஒவ்வொரு மயிரையும் கீறிக் காட்டும் பிரயாசையும் இல்லை.

மரத்துக்கு வெட்பாலையைச் சிபாரிசு செய்வேன். வறண்ட காடுகளில் தானே வளரும் இந்தச் சிறு மரம் தந்தம் போன்ற வெண்மையும் நுண்ணிய ரேகையும் உடையது; கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் பொம்மை கடைவதற்கு இதைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். தீப்பெட்டி ஆலைத் தடி மிருதுவாயிற்றே என்று அதை நாடுவோரும் உண்டு; கை பழகுவதற்கு அது போதும், ஆனால் காதின் ஓரம், மூக்கின் நுனி போன்ற நுட்பமான இடங்களில் கத்தி சற்று மழுங்கியிருந்தாலும் நார் நசுங்கிவிடும்.

பச்சை மரத்தை அப்படியே வெயிலில் போட்டால் எங்கள் பக்கத்துக் காற்று அதைச் சும்மா விடாது. வெட்டுமுகம் வழியாக ஈரம் விரைந்து வெளியேற, உட்பகுதி ஈரமாகவே இருப்பதால், முனைகள் நட்சத்திரம்போல் வெடிக்கும். தலைமருந்தின் சுடர் குச்சியில் பற்றுவதற்காகத் தீக்குச்சியைத் தோய்த்தெடுக்கிறார்களே, அந்தப் பாரபின் மெழுகையே உருக்கி இரண்டு வெட்டுமுகங்களிலும் தடவி நிழலில் அடுக்கி வைத்தால், ஈரம் பக்கவாட்டில் மெதுவாகக் கசிந்து கட்டை வெடிக்காமல் காயும். மெழுகு உருக்குவதற்கு இடம் தேடும்போது ஊரின் தொழிலை மறந்துவிடக் கூடாது என்று விஸ்வநத்தத்தில் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்த கட்டையின் பக்கத்தில் நாயின் பக்கத் தோற்றத்தையும், மேலே மேல் தோற்றத்தையும் வரைந்து ஒட்டி (பழைய காலண்டர் தாளின் பின்புறம் சிவகாசியில் எந்த வீட்டில் இல்லை?) புறக்கோட்டை ரம்பத்தால் அறுத்தெடுக்க வேண்டும். நிற்கும் நாயானால் ரேகை காலோடு செங்குத்தாகச் செல்லும்படி கட்டையை வைக்க வேண்டும். ரேகை முதுகின் நீளத்தில் ஓடும்படி வைத்தால் நான்கு கால்களும் குறுக்கே நறுக்கிய குச்சிகளாகி, இன்றில்லாவிட்டால் நாளை ஒடியும். செங்குத்தாக வைத்தால் முகம் குறுக்கு ரேகையில் வந்துவிடுமே என்றால், முகம் பருமனானது, தாக்குப்பிடிக்கும். வாலைப் பின்னங்காலோடு ஒட்டித் தொங்கவிடுவது விவேகம். கால்களுக்கு இடைப்பட்ட மரத்தைக் கடைசிவரை எடுக்கலாகாது. மேலே உளி பேசும் பேச்சையெல்லாம் கீழே அந்த மரம்தான் தாங்குகிறது. முதல் முயற்சிக்குக் கால் மடக்கிப் படுத்திருக்கும் நாயே உசிதம் என்பேன். அதில் ஒடிவதற்கு எதுவும் துருத்தி நிற்பதில்லை.

கண் தவறும் இடம் பின்னங்கால். அங்கே பின்புறமாக வளைந்து நிற்கும் மூட்டை முழங்கால் என்று எண்ணிக்கொண்டு செதுக்கினால் நாய் நாற்காலியாகிவிடும். அது முழங்கால் அல்ல, குதிகால். நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே, முன்னோக்கி மடங்குகிறது. இதை விளங்கிக்கொள்ளத் திண்ணையில் படுத்திருக்கும் நாயின் பின்னங்காலைத் தடவிப் பார்ப்பதே உத்தமமான வழி, நாய் சம்மதித்தால்.

ஒரே கட்டையில்தான் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஆந்திரத்துக் கொண்டபள்ளிக் கைவினைஞர்கள் அவயவங்களைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டை மாவையும் மரத்தூளையும் குழைத்த பசையால் பொருத்தி, அந்தப் பசையைக்கொண்டே சந்துகளையும் பூசி மறைக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் அதனதன் ரேகையோடு தனியே எடுக்க இடம் கிடைப்பதால், தீக்குச்சியின் பலம் ஒவ்வொரு காலுக்கும் வாய்க்கிறது. புளியங்கொட்டை கிடைக்காத ஊர் நம் ஜில்லாவில் இல்லை, ஃபெவிகாலும் மோசமில்லை.

உப்புத்தாளால் தேய்த்து முடிக்கும் முன் வெண்காரக் கரைசலைப் பூசிக் காயவிடுவது நல்லது. வெள்ளை மரங்களை வண்டு சீக்கிரம் துளைத்து மாவாக்கிவிடும். மூக்குக்கு மட்டும் சிறிது வர்ணம் போதும்.

நாயில் கை பழகியவர் அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் போகலாம். 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த சாம்பல் மலை அணில், மர உச்சியில் கிளையைப் பின்னங்கால்களால் பற்றி, உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய ஈடான வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னங்கைகளில் காயைப் பிடித்துத் தின்னும். அந்த வாலைத் தனிக்கட்டையில் எடுத்து, சால்டரிங் அயர்ன் முனையால் மயிர்க்கோடுகளைச் சுட்டு வரைய வேண்டும். விரல்களை எண்ணிச் செதுக்க வேண்டும். முன்னங்கையில் நான்கு, பின்னங்காலில் ஐந்து. அவ்வளவு உயரத்தில் எண்ண முடியாவிட்டால் வீட்டு முற்றத்து அணிலிடம் சரிபார்த்துக்கொள்ளலாம்; விரல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.