விலை போகாத முதல் நாவல்!

தாயின் சொத்தை விற்று அச்சடித்த வாலிபர்

தாய் விட்டுச் சென்ற சொத்தை விற்றால் வீடு வாங்கலாம். கடை வைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஒரு வாலிபர் அந்தப் பணத்தில் நாவல் அச்சடித்தார்!

அவர் பெயர் ஸ்டீபன் கிரேன். அப்போது அவருக்கு வயது 21.

கிரேன் 1871-ல் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். பெற்றோருக்கு இவர் 14-வது பிள்ளை, கடைசிப் பிள்ளை. 1880-ல் தந்தை இறந்தார். 1891-ல் தாயும் கண் மூடினார்.

ஏழைப் பெண்ணின் கதை

நியூயார்க் நகரில் பவரி என்று ஒரு பகுதி. அந்தக் காலத்தில் அங்கே வறுமையும் குடியும் மலிந்து கிடந்தன. கிரேன் அங்கு சுற்றித் திரிந்து, மக்கள் வாழ்வதை நேரில் பார்த்தார். பார்த்ததை நாவலாக எழுதினார்.

கதாநாயகி மேகி. குடிகாரப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பெண். ஒருவன் ஆசை காட்டி அவளைக் கைவிடுகிறான். பெற்ற தாயே அவளை வீட்டை விட்டு விரட்டுகிறாள். முடிவில் அவள் இறந்து போகிறாள்.

"இவ்வளவு கொடுமையான கதையா?" என்று பிரசுரிக்க மறுத்துவிட்டார்கள்.

கிரேன் சோர்ந்துவிடவில்லை. "நானே வெளியிடுவேன்!" என்று துணிந்தார். தாய் வழியில் கிடைத்த பணத்தைத் திரட்டினார். வைத்திய நூல்களும் மத நூல்களும் அச்சடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றைப் பிடித்தார்.

யார் இந்த ஸ்மித்?

புத்தகத்தில் தம் பெயரை அவர் போடவில்லை. "ஜான்ஸ்டன் ஸ்மித்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஸ்மித்துகளுக்குக் கணக்கே இல்லை. அந்தக் கூட்டத்தில் தம்மை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் எண்ணம்!

1893-ம் ஆண்டு தொடக்கத்தில் புத்தகம் வந்தது. மஞ்சள் காகித அட்டை. விலை 50 சென்ட். அதாவது அரை டாலர்.

தப்புக் கணக்கு

அச்சடித்தது 1,100 பிரதிகள். செலவு 869 டாலர். அப்படியானால் ஒரு பிரதிக்கு அடக்கம் 79 சென்ட். விற்பதோ 50 சென்டுக்கு!

எல்லாப் பிரதியும் விற்றிருந்தாலும் 550 டாலர்தான் கிடைத்திருக்கும். கடைக்காரருக்குக் கழிவு எதுவும் கொடுக்காவிட்டால்கூட, நஷ்டம் 319 டாலர்!

ஆனால் புத்தகமே விற்கவில்லை. நாடே பரபரப்படையும் என்று கிரேன் எதிர்பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுமார் 100 பிரதிகளைச் சும்மா கொடுத்தார். கையில் காசு இல்லை. மனம் உடைந்தார்.

கை கொடுத்தவர்

சும்மா கொடுத்த பிரதிகள் வீண் போகவில்லை. ஹாம்லின் கார்லண்ட் என்ற எழுத்தாளர் நாவலைப் படித்தார். 1893 ஜூன் மாதம் ஒரு பத்திரிகையில் பாராட்டி எழுதினார். புகழ்பெற்ற எழுத்தாளர் வில்லியம் டீன் ஹோவல்சும் பாராட்டினார்.

கிரேன் அடுத்த நாவலை எழுதினார். டைப் அடித்தவருக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. பாதிக் கதை அவரிடமே தங்கிவிட்டது. கார்லண்ட் 15 டாலர் கொடுத்து அதை மீட்க உதவினார்.

அதுதான் "தி ரெட் பேட்ஜ் ஆப் கரேஜ்" என்ற போர்க்கள நாவல். 1895-ல் அது புத்தகமாக வெளிவந்து கிரேனுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

பிறகு என்ன? மேகியையும் தேடி வந்தார்கள்! 1896-ல் பெரிய பிரசுரகர்த்தர்களே அதை வெளியிட்டார்கள். சில கடுஞ்சொற்களை மட்டும் நீக்கினார்கள். இந்தத் தடவை அட்டையில் கிரேனின் சொந்தப் பெயர்!

அந்தப் புகழை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. காசநோய் அவரைப் பிடித்தது. 1900 ஜூன் 5-ந் தேதி ஜெர்மனியில் இறந்தார். வயது 28.

அன்று சும்மா கொடுத்த மஞ்சள் அட்டைப் புத்தகம் இன்று கிடைப்பதற்கு அரிய பொருள். பழைய நூல் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

சொந்தப் பணத்தில் நாவல் வெளியிடத் துடிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குக் கிரேன் கதை இரண்டு பாடம் சொல்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அடக்க விலையைக் கணக்குப் பாருங்கள். புத்தகம் விற்கவில்லை என்பதற்காகப் பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள்!