எழுத்தால் ஆடும் விளையாட்டு: பிள்ளைகள் தாமே உருவாக்கலாம்

"செல்போனைப் பிடுங்கினால் அழுகிறான், கொடுத்தால் படிப்பதில்லை." பெற்றோர்கள் பலரும் நம்மிடம் சொல்லும் வருத்தம் இது. கொடுப்பதா, பிடுங்குவதா என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. விளையாடும் பிள்ளையை விளையாட்டை உருவாக்கும் பிள்ளையாக மாற்றுவதே அது. அதற்கு மிக எளிதான தொடக்கம் 'எழுத்து விளையாட்டு'. செலவில்லாத இந்த விளையாட்டைப் பற்றி இவ்விதழில் விளக்குகிறோம்.

எழுத்து விளையாட்டு என்றால் என்ன?

இதில் படம் கிடையாது. ஓட்டமும் சுடுதலும் கிடையாது. திரையில் சில வரிகள் வரும்: "நீ ஒரு வாசலில் நிற்கிறாய். வடக்கே ஒரு கதவு. தரையில் ஒரு சாவி." பிள்ளை அதைப் படித்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். சாவியை எடுத்தால் ஒரு விளைவு, எடுக்காமல் போனால் வேறொரு விளைவு. படிக்காமல் ஒரு அடிகூட நகர முடியாது என்பதுதான் இதன் சிறப்பு.

இது புதிதாக வந்ததல்ல. அமெரிக்காவில் வில் குரோதர் என்ற கணினிப் பொறியாளர் 1975-76 காலத்தில் இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியை எழுதினார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் பணியாற்றியவர் அவர். குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் தயாரிப்பதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். மணமுறிவுக்குப் பிறகு, தம் மகள்களும் ஆடி மகிழ ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் தாம் நடந்த பாதைகளையே எழுத்தாக்கி விளையாட்டாக அமைத்தார். கணினி தெரியாதவர்களும் தயங்காமல் ஆட வேண்டும் என்பதற்காக, ஓரிரு சாதாரண ஆங்கிலச் சொற்களையே கட்டளையாக வைத்தார். 1977இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அது கணினி மையங்கள் தோறும் பரவியது.

இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. குரோதர் கற்பனை உலகத்தைத் தேடிப் போகவில்லை. தமக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்தைத் தம் பிள்ளைகளுக்கு எழுத்தால் சுற்றிக்காட்டினார். நம் பிள்ளைகளும் அப்படியே தொடங்கலாம்.

எந்த இடத்தை வைத்து எழுதலாம்?

தொடங்குவோருக்குப் பொருத்தமான இடம் ஒரு பொதுப் பட்டறை. ஆங்கிலத்தில் இதை மேக்கர்ஸ்பேஸ் என்கிறார்கள். ஒருவர் தனியாக வாங்க முடியாத கருவிகளைப் பலரும் வந்து பகிர்ந்து பயன்படுத்தும் இடம் இது. துளையிடும் இயந்திரம், சால்டரிங் கருவி, மல்டிமீட்டர், த்ரீடி பிரிண்டர், லேசரால் பலகை வெட்டும் இயந்திரம் ஆகியவை இருக்கும். மகாராஷ்டிரத்தில் புனே அருகே பாபல் என்ற கிராமத்தில் இயங்கும் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002லேயே இப்படி ஒரு கூடம் அமைந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் முன்னெடுத்த 'ஃபேப் லேப்' கூடங்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக மத்திய அரசு பள்ளிகளில் அமைத்துவரும் அடல் டிங்கரிங் லேப்களும் இதே நோக்கம் கொண்டவை.

ஆனால் எல்லாப் பள்ளியிலும் இந்தக் கூடம் இல்லை. இருக்கும் இடத்திலும் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. குறிப்பாகப் பெண் பிள்ளைகள். உள்ளே என்ன இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்பே எழுத்தில் சுற்றிப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கூச்சம் குறையும். எழுத்துப் பட்டறையில் தவறு செய்தால் விரல் சுடாது; பொருள் வீணாகாது; யாரும் சிரிக்கவும் மாட்டார்கள்.

ஒரு மாதிரி விளையாட்டு

உம்மும்மாவின் டார்ச் லைட் எரியவில்லை. முன்பக்கக் கண்ணாடியும் உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். இதுதான் கதை. நான்கு இடங்கள் போதும்.

வாசல்: "மேசையில் பதிவேடு இருக்கிறது. பெயர் எழுதுகிறாயா, அப்படியே உள்ளே போகிறாயா?" எழுதாமல் போனால் பொறுப்பாளர் புன்னகையோடு திருப்பி அனுப்புவார்.

கருவிச் சுவர்: ஒவ்வொரு கருவியின் உருவமும் பலகையில் வரையப்பட்டிருக்கிறது. உப்புத்தாள், திருப்புளி, மல்டிமீட்டர் ஆகியவற்றில் தேவையானதை எடுக்க வேண்டும்.

மின்சார மேசை: புது பேட்டரி போட்டும் விளக்கு எரியவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் ஒவ்வொரு பேட்டரியும் 1.5 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் குறை பேட்டரியில் இல்லை. உள்ளே பார்த்தால், பழைய பேட்டரி கசிந்து ஸ்பிரிங் மீது பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்ததும் விளக்கு எரிகிறது.

லேசர் அறை: உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வட்டமாக ஒரு தகடு வெட்ட வேண்டும். அக்ரிலிக் தகடும் பி.வி.சி. தகடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பி.வி.சி.யைத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பாளர் தடுக்கிறார்: "லேசர் பட்டால் இதிலிருந்து நச்சுப் புகை வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும்." அக்ரிலிக்கை எடுத்தாலும், புகையை வெளியேற்றும் விசிறியைப் போட்ட பிறகே இயந்திரம் இயங்கும்.

இதில் பிள்ளை கற்றது என்ன? ஊகிக்காமல் அளந்து பார்ப்பது, காரணத்தைத் தேடுவது, கருவிக்கு முன் பாதுகாப்பு, பொது இடத்தின் ஒழுங்கு. இவை அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாதவை.

உருவாக்குவது எப்படி?

முதலில் கணினி வேண்டாம். ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, எங்கிருந்து எங்கே போகலாம் என்று அம்புக்குறி வரையுங்கள். எந்த முட்டுச்சந்திலும் ஆடுபவர் சிக்கிவிடாமல் திரும்பி வர வழி இருக்க வேண்டும்.

பிறகு 'ட்வைன்' என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தலாம். கிறிஸ் கிளிமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. ட்வைனரி.ஆர்க் என்ற தளத்தில் கிடைக்கிறது. தமிழிலேயே எழுதலாம். நிரல்மொழி தெரிய வேண்டியதில்லை. ஒரு கட்டத்துக்குள் வரிகளை எழுதி, ஆடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டிய சொற்களை மட்டும் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், அடுத்த கட்டம் தானாகவே உருவாகி அம்புக்குறியால் இணைந்துவிடும். தாளில் வரைந்த அதே படம் திரையில் தெரியும். விசிறி போட்ட பிறகே இயந்திரம் இயங்க வேண்டுமா? விசிறிக் கட்டத்திலிருந்து மட்டும் இயந்திரக் கட்டத்துக்கு வழி வையுங்கள், அவ்வளவுதான்.

ஆடுபவரே கட்டளையைத் தட்டச்சு செய்யும் வகையும் உண்டு. ஆனால் தமிழில் அது சற்றுக் கடினம். "சாவி எடு", "சாவியை எடு", "சாவியை எடுத்துக்கொள்" என ஒரே பொருளை நாம் பலவாறு சொல்வோம். வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவமும் மாறும். கணினிக்கு இவை அனைத்தையும் சொல்லித்தர வேண்டும். ஆகவே தொடங்குவோருக்குத் தேர்வு முறையே நல்லது. பைத்தான் படிக்கும் மூத்த மாணவர்கள் மற்றதை முயலலாம்.

ஒரு எச்சரிக்கை. ட்வைனை இணைய உலாவியில் பயன்படுத்தினால் வேலை முழுவதும் அந்த உலாவியின் நினைவகத்திலேயே இருக்கும். உலாவியைச் சுத்தம் செய்தால் அழிந்துவிடும். எனவே ஒவ்வொரு நாளும் கோப்பாகச் சேமிக்கப் பழக்குங்கள். முடித்த விளையாட்டு ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதை உறவினருக்கு அனுப்பினால் அவர்களும் திறந்து ஆடலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் ஆட்டக்காரராக நீங்கள் உட்காருங்கள். பிள்ளை எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். எங்கே புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைக் கடைசியில் திருத்தலாம். வாப்பாவுக்குப் புரியவில்லை என்றால், தான் எழுதியதைத் தெளிவாக மாற்றி எழுத வேண்டும் என்று பிள்ளையே உணரும். கட்டுரை நோட்டில் பத்து முறை எழுதியும் வராத தெளிவு இப்படி வரும்.

பட்டறைதான் வேண்டும் என்பதில்லை. வாப்பா வெல்டிங் கடை வைத்திருந்தால் அந்தக் கடை. உம்மா தையல் இயந்திரம் ஓட்டினால் அந்தத் தையல் அறை. அங்குள்ள கருவிகளின் பெயரையும் அவற்றின் ஆபத்தையும் பிள்ளை உங்களிடம் கேட்டுத்தான் எழுத முடியும். பெற்றோரின் தொழிலைப் பிள்ளை மதிப்போடு விசாரிக்க இது ஒரு வாய்ப்பு.

வீட்டில் கணினி இல்லாத மாணவ, மாணவியர் தாளில் வரைபடத்தை முடித்து, அஸருக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். அங்குள்ள கணினியில் அதை ஏற்ற உதவுவோம். இன்ஷா அல்லாஹ், நன்றாக அமைந்தவற்றை மற்றப் பிள்ளைகளும் ஆட ஏற்பாடு செய்வோம்.