கடலுக்குத் திரும்பிய பல்லி

இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கும் ஒரகடம் பிரதேசத்தில் ஒரு காலத்தில் ஸமுத்திரம் அலை மோதிற்று என்றால் நேயர்கள் வியப்படையலாம். ஸ்ரீபெரும்பூதூர்ப் பக்கத்தில் ஏடு ஏடாகப் பிளக்கும் களிப்பாறைகளில் தாவரங்களின் இலை அச்சுகளோடு கடல்வாழ் பிராணிகளின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடற்கரை அது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "அக்காலத்துக் கடலில் பெரிய ஜந்துக்கள் உண்டா, ஸார்?" என்று கேட்டான். அதற்கு விடை நம் திருச்சிராப்பள்ளிச் சீமையிலேயே இருக்கிறது. ஊட்டத்தூர்ப் பாறைத் தொகுதியில் அகப்பட்ட முதுகெலும்புகளை ஆராய்ந்து, லைடெக்கர் என்பவர் 1879-இல் அவற்றுக்கு 'இக்தியோஸாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். இக்தியோஸாரஸ் என்றால் மீன்பல்லி என்று பொருள்.

உருவத்தில் மீன், ஆனால் மீனன்று. அதற்குச் செவுள் கிடையாது. மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தே தீர வேண்டும். ஏனெனில் அதன் முன்னோர் தரையில் வாழ்ந்த ஊர்வன.

சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு பேரழிவில் கடல்வாழ் இனங்களிற் பெரும்பாலானவை மாண்டன. வெறிச்சோடிய அக்கடலில் தரைப்பிராணிகள் சில இரை தேடி இறங்கின. சீன தேசத்து ஆன்ஹுய் மாகாணத்தில் கிடைத்து, 2014-இல் விவரிக்கப்பட்ட 'கார்ட்டோரிங்கஸ்' என்னும் பிராணி இம்மாறுதலின் நடுவே நிற்கிறது. அதன் நீளம் சுமார் 40 செண்டிமீட்டர்தான். வளைந்து கொடுக்கும் பெரிய துடுப்புகளால் அது கடல்நாயைப் போலக் கரையிலும் தவழ்ந்திருக்கக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

அந்த வமிசம் பல்கிப் பெருகிற்று. கட்சு ஜில்லாவில் லோடாய் கிராமத்தருகே கிடைத்த எலும்புக்கூடு சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையுடையது. அப்பிராணியின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். திருச்சிச் சீமையில் வாழ்ந்தவையோ அவ்வமிசத்தின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மீன்பல்லிகள் பூண்டற்றுப் போயின.

"நீரிலிருந்து தரைக்கு வந்தது முன்னேற்றமென்றால், மறுபடி நீருக்குப் போனது பின்னடைவுதானே, ஸார்?" என்றான் அதே மாணவன். நல்ல கேள்வி. உயிரினங்களின் பரிணாமம் மேல்நோக்கிக் கட்டிய ஏணியன்று. பிழைக்க வழியுள்ள திசையில் ஓடும் ஆறு. பிற்காலத்தில் திமிங்கிலமும் அதே திசையில்தான் சென்றது. ஆயினும் பிறந்த வீட்டை இரண்டும் முற்றும் மறக்கவில்லை. மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவை தரையின் உறவைப் புதுப்பித்துக்கொண்டன.

ஸ்ரீபெரும்பூதூர்ப் பக்கம் செல்லும் நேயர்கள் வழியில் ஓர் ஏட்டுக்கல் அகப்பட்டால், வீசி எறியுமுன் குழந்தைகளிடம் காட்டுவார்களாக!