அழித்தலும் மறைத்தலும்



தங்கவயலில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்ற பின்னர், நம்மவர் இல்லங்களுள் பலவற்றின் அடுப்பெரிவது பெங்களூர் செல்லும் இரயில் வண்டியை நம்பித்தான் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் விடியுமுன் வண்டியேறும் இளைஞருள், கட்டிட வரைபட அலுவலகங்களுக்குச் செல்வோரும் உளர். அவர்தம் தொழிலில் உள்ள ஓர் இடரைக் குறித்தே இக்கட்டுரை வரைகின்றோம். நாம் இரயில்வேயில் எழுத்தர். மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படித்தோமில்லை. எனினும், அத்தொழிலில் இருக்கும் பிள்ளைகளிடம் பொறுமையாகக் கேட்டறிந்ததைப் பெற்றோர்க்கும், இனி அத்தொழிலிற் புகுவோர்க்கும் சொல்லுதல் தகும் எனக் கருதுகின்றோம்.

முன்னாளில் வரைபடம் என்றால் தாள். தரைத்தளத்திற்கு ஒரு தாள், மேல்தளத்திற்கு ஒரு தாள், முகப்புத் தோற்றத்திற்கு ஒரு தாள். ஒரு தாளில் ஒரு தூணை ரப்பர் கொண்டு அழித்துவிட்டால், மற்றத் தாள்களில் அத்தூண் நின்றுகொண்டுதான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் மேலாளர் பிழையைக் கண்டுகொள்வார். இப்பொழுதோ ‘ரெவிட்’ முதலிய மென்பொருள்களில் கட்டிடம் முழுவதும் ஒரே மாதிரியாகக் கணினியுள் எழுப்பப்படுகின்றது. தாள்களெல்லாம் அம்மாதிரியின் நிழல்களே. மாதிரியில் தூண் போயிற்றானால் எல்லாத் தாள்களிலும் ஒரே நொடியில் போய்விடும். பொருட்கணக்குப் பட்டியலிலும் ஒன்று குறையும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. இந்த அமைதிதான் அச்சந்தருவது.

வேண்டுமென்றே எவரும் அழிப்பதில்லை. பெரும்பாலும் நிகழ்வது யாதெனில், குறிப்பிட்ட ஒரு தாளில் நாற்காலியோ குழாயோ தெரிய வேண்டாம் என்று தலைவர் சொல்வார். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை அதனைத் தேர்ந்தெடுத்து ‘டெலிட்’ விசையை அழுத்திவிடும். அத்தாளில் தெரியாமற் செய்வதற்கு ‘ஹைட்’ என மறைக்கும் வழி தனியே உண்டு. மறைத்தல் ஒரு காட்சியோடு நிற்பது. அழித்தல் கட்டிடத்தையே தொடுவது. இவ்விரண்டின் வேறுபாட்டை முதல்நாளே சொல்லிக் கொடாத அலுவலகத்தை நாம் மெச்ச மாட்டோம். பொருட்பட்டியலும் இவ்வாறே ஏமாற்றும். கதவுப் பட்டியலில் ஒரு வரி மிகையாகத் தோன்றுகின்றதென அவ்வரியை நீக்கினால், உண்மையான கதவே சுவரினின்று நீங்கிவிடும். சுவரை நீக்கினால் அதில் அமைந்த கதவும் சன்னலும் உடன் செல்லும்.

இவற்றினும் கொடியது ‘லெவல்’ எனப்படும் தளமட்டக் கோட்டை அழித்தல். சுரங்கத்தில் நம் முன்னோர் வாயில் அன்றாடம் வழங்கிய அதே சொல்தான் இது. அந்தக் கோட்டைப் பற்றி நிற்கும் சுவர்களும் பொருள்களும், அத்தளத்தின் வரைபடக் காட்சிகளும் அதனோடு மறைந்துபோகும். அழிக்குமுன் கணினி ஓர் எச்சரிக்கை காட்டும். ஆனால் நாளெல்லாம் எச்சரிக்கைகளைக் கண்டு சலித்த கை, படியாமலேயே ‘ஓகே’ அழுத்திவிடும்.

எலியை இழுக்கும் திசையிலுங்கூட ஒரு நுட்பம் உள்ளது. இடமிருந்து வலமாக இழுத்துக் கட்டம் போட்டால், கட்டத்துள் முழுமையாக அடங்கியவை மட்டுமே பிடிபடும். வலமிருந்து இடமாக இழுத்தாலோ, கட்டம் தொட்டவையெல்லாம் பிடிபடும். ஒரு மேசையைப் பிடிக்கப்போய்த் தூணையும் சேர்த்துப் பிடித்தவர் பலர்.

வரைபடத்தில் ஒன்று இல்லாமற் போவதன் விலை என்ன என்பதைத் தங்கவயலார்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய மண்ணின்மேல் வாழ்பவர்கள் நாம். சுரங்கம் கைவிடப்படும்போது அதன் வரைபடத்தை அரசின் சுரங்கப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும் எனச் சட்டம் விதித்திருப்பது காரணமின்றி அன்று. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் குவீக்ரீக் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில், 2002 ஜூலை 24ஆம் நாள் இரவு, கைவிடப்பட்ட அண்டைச் சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. ஒன்பது தொழிலாளர் மூன்று நாள்களுக்கு மேல் உள்ளே சிக்கிக் கிடந்து, பின்னர் உயிருடன் மீட்கப்பட்டனர். அவர்கள் கையிலிருந்த படத்தில் அப்பழைய சுரங்கத்தின் கடைசிக் கால வேலைகள் காட்டப்பெறவில்லை. அங்கே எவரும் அழிக்கவில்லைதான். ஆயினும் தாளில் இல்லாததை இல்லையென்றே நம்பிக் கை வேலை செய்யும்.

இனித் தடுக்கும் வழிகள். கட்டிடத்தின் முதுகெலும்பாகிய தளமட்டக் கோடுகள், தூண்வரிசைக் கோடுகள் ஆகியவற்றை ‘பின்’ குத்தி வைத்தல் முதலாவது. பின் குத்தியதை, பின்னை எடுக்காமல் அழிக்க இயலாது. பின் குத்தியவை தேர்வில் அகப்படாதவாறு செய்யும் பொத்தானும் உண்டு. ஆனால் பின்னை எவரும் கழற்றலாம். அது கைதவறுதலைத் தடுக்குமேயன்றி அறியாமையைத் தடுக்காது. பலர் சேர்ந்து பணிபுரியும் மாதிரியில், அக்கோடுகளைத் தனி ‘ஒர்க்செட்’டில் வைத்து, பொறுப்பாளர் ஒருவரே அதனைத் தம் பெயரில் எடுத்துவைத்துக் கொள்ளலே வலுவான காப்பு. பிறர் தொட முயன்றால் கணினி மறுத்து, உரியவரிடம் அனுமதி கேட்கச் சொல்லும். சாவி ஒருவர் இடுப்பில் இருப்பது போன்றது இது.

எங்கள் இரயில் நிலையப் பதிவேடுகளில் சுரண்டி அழித்தல் கூடாது. தவறான பதிவின்மேல் ஒற்றைக் கோடு இழுத்துக் கையொப்பமிட வேண்டும். அழிந்தது எது, அழித்தவர் எவர் என்பது என்றும் தெரியும். கணினியில் அத்தகைய கோடு தானே விழாது. ஆகையால் மைய மாதிரியோடு தம் பிரதியை ஒத்திசைக்கும்போதெல்லாம் அன்று செய்தது இன்னதென ஓரிரு சொல் குறிப்பு எழுதிவைத்தல் நல்லது. அதற்கென்றே இடமும் விட்டிருக்கின்றார்கள், எழுதுவோர்தாம் அரியர்.

இத்தனைக்கும் மேல் ஒன்று அழிந்துவிட்டால் காலமே பொருள். ஒத்திசைப்பதற்கு முன் எனின், ‘அன்டூ’ மீட்டுத் தரும். ஒத்திசைத்தபின் அந்த வழி அடைபடும். அழிவு மற்றவர் பிரதிகளுக்கும் சென்று சேரும். அப்பொழுதும், உடன் பணிபுரிவோர் ஒருவர் இன்னும் ஒத்திசைக்காதிருந்தால் அவர் பிரதியில் அத்தூண் இருக்கும். அவரை அப்படியே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து நகலெடுத்து அதே இடத்தில் ஒட்டலாம். எவரிடமும் இல்லையெனில், கணினி தானே எடுத்துவைக்கும் பழைய காப்புப் பிரதிகளைத் தேட வேண்டும். அவையோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. புதியது சேரச் சேரப் பழையது நீங்கிக்கொண்டே போகும். ஒட்டிய பின்னும், அத்தூணோடு போன அளவுக்குறிகளையும் பெயர்க்குறிகளையும் மீண்டும் கையால் இடுதல் வேண்டும். ஆதலின், வேலை போய்விடுமோ என அஞ்சி இரண்டு நாள் வாய்மூடியிருக்கும் பிள்ளைக்கும், அந்த நொடியே எழுந்து சென்று தலைவரிடம் சொல்லும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு, ஒரு வாரத்து உழைப்பாக இருக்கக்கூடும். மாலை வண்டியில் முகம் வாடித் திரும்பும் மகனையோ மகளையோ இதுபற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.