திருடு போனது கிட்டார்! தேடுவது சத்தம்!

லண்டன் நகரில் திருடு போன ஒரு கிட்டாரின் சத்தத்தைத் தேடி உலகமெங்கும் கிட்டார்காரர்கள் அலைகிறார்கள்!

1966-ம் ஆண்டு. டெக்கா ஸ்டூடியோவில் ஜான் மேயால் கோஷ்டியின் இசைத்தட்டு பதிவு. கிட்டார் வாசித்தவர் எரிக் கிளாப்டன். வயது 21. கிப்சன் லெஸ்பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிபயரில் மாட்டி, வால்யூமை ஒரேயடியாகத் திருகிவிட்டார். காது கிழிந்தது! குறைக்கச் சொல்லியும் மசியவில்லை.

ரகசியமே அதுதான். வால்வுகளை எல்லை மீறி முடுக்கினால் சத்தம் கரகரக்கும். ஆனால் அறுபடாமல் நீண்டு அழும்.

அதே ஆண்டில் கிட்டார் திருட்டுப் போச்சு! கிளாப்டன் கைக்கு அது திரும்பவே இல்லை.

கிப்சன் கம்பெனி ஏற்கனவே கைவிட்டிருந்த அந்த ரகத்தை, கிராக்கி கண்டு 1968-ல் மீண்டும் தயாரித்தது. பழைய கிட்டார்களுக்கு இன்று லட்சக்கணக்கில் டாலர் கொட்டுகிறார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் வரலையே என்று புலம்பல்!

வீட்டுக்குள் மெதுவாக வாசித்தால் எப்படி வரும்? முழுசாகத் திருகினால் பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா?